டேக் நம் கையில்... தகவல் யார் கையில்?

வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கும் திருப்பூர் கம்பெனிகளில், அயர்ன் முடிந்து மடித்து வந்த டி-ஷர்ட்டில் கடைசியாக ஏறுவது விலை அட்டை. பேக்கிங் டேபிளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் அந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால், உள்ளே மெல்லிய உலோகக் கோடுகள் வளைந்து நெளிந்து ஓடுவது நிழலாகத் தெரியும். கோடுகள் கூடும் இடத்தில் கடுகைவிடச் சிறிய ஒரு புள்ளி. கோடுகள் ஆன்டெனா, புள்ளி சிப். பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையின் ஆற்றலிலேயே உயிர்பெற்று, தன்னிடம் இருக்கும் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஆர்.எஃப்.ஐ.டி. டேக் என்பது இவ்வளவுதான். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகும் இதே இனம்.

பார்கோடைப் போல இதை ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டியதில்லை. மூடி ஒட்டிய அட்டைப்பெட்டியை ரீடருக்குள் தள்ளினால், உள்ளே இருக்கும் அத்தனை பீஸும் சில நொடிகளில் திரையில் எண்ணிக்கையாக வந்துவிடும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. பார்கோடு ரகம், சைஸ், நிறம் வரைதான் சொல்லும். டேக் அந்த ரகத்தில் இந்த ஒரு பீஸைத் தனியாக அடையாளம் காட்டும். ஆடைகளில் பரவலாகப் புழங்கும் 96 பிட் எண்ணில், வரிசை எண்ணுக்கு மட்டும் 38 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே ரகத்தில் 27,000 கோடி பீஸுக்கும் மேல் தனித்தனி எண் கொடுக்கலாம். யூனிக்லோ கடைகளில் துணிக்கூடையை அப்படியே பில் போடும் தொட்டிக்குள் வைத்தால் மொத்தக் கணக்கும் வந்து நிற்பது இந்த எண்களால்தான்.

அந்த எண்ணின் முன்பகுதியில் ஒரு நிறுவனத்தின் அடையாளம் இருக்கும். அது பிராண்டின் அடையாளம். தைத்த கம்பெனியின் பெயரோ ஊரோ அதில் இல்லை. டேக்கை யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் பையரே சொல்லிவிடுவார். வாங்குவதும், பீஸில் மாட்டுவதும், வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் தைப்பவர் பொறுப்பு. செலவு பீஸ் விலைக்குள்ளேயே அடங்க வேண்டும். அதன்பின் பெட்டி தூத்துக்குடியிலோ கொச்சியிலோ கப்பலேறும். அக்கரையில் கிடங்கிலும் கடையிலும் அதே டேக் பல முறை வாசிக்கப்படும். பெட்டி எப்போது வந்து சேர்ந்தது, உள்ளே எத்தனை இருந்தது, கடைத் தளத்துக்கு எப்போது போனது, எப்போது விற்றது என்று வரிவரியாகப் பதிவு விழும்.

அந்தப் பதிவில் ஒரு வரிகூடப் பெரும்பாலும் திருப்பூருக்குத் திரும்பி வருவதில்லை. டேக்குக்குச் செலவழித்தவருக்கு அதன் தகவலில் பங்கு இல்லை என்ற இந்த ஏற்பாடு ஏன் இப்படியே நிற்கிறது, எங்கெல்லாம் மாறியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வால்மார்ட் போட்ட உத்தரவு

1990-களின் பிற்பகுதியில் பி அண்டு ஜி நிறுவனத்தில் இருந்த கெவின் ஆஷ்டனுக்கு ஒரு லிப்ஸ்டிக் தலைவலி கொடுத்தது. நன்றாக விற்கும் நிறம் கடை அலமாரியில் மட்டும் இல்லை, கிடங்கில் இருக்கிறது. கடைக்காரருக்கும் தெரியவில்லை, கம்பெனிக்கும் தெரியவில்லை. இதற்குத் தீர்வு தேடிப்போன ஆஷ்டன், சஞ்சய் சர்மா, டேவிட் புரோக் முதலான ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, 1999-ல் எம்.ஐ.டி.யில் ஆட்டோ-ஐ.டி. மையத்தை உருவாக்கினார். அவர்களுடைய யோசனை எளிமையானது. சிப்புக்குள் நிறைய விவரத்தை அடைத்தால் விலை ஏறும். எனவே சிப்பில் எண் மட்டும் இருக்கட்டும், அந்த எண்ணைப் பற்றிய மற்றதெல்லாம் நெட்வொர்க்கில் இருக்கட்டும். டேக் விலையை ஐந்து சென்ட்டுக்கு இறக்குவது அவர்களுடைய குறி.

இந்த யோசனைக்குள்ளேயே தகவல் பகிர்வு இருக்கிறது. எண் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் பொருளோடு நடந்து போகிறது. விவரம் நெட்வொர்க்கில் இருக்கிறது. அந்த நெட்வொர்க் ஒரே நிறுவனத்தின் சுவருக்குள் நின்றுவிட்டால், டேக் வெறும் விலையுயர்ந்த பார்கோடுதான்.

2003 ஜூனில் வால்மார்ட் தன் பெரிய சப்ளையர்கள் 100 பேருக்கு உத்தரவு போட்டது: 2005 ஜனவரிக்குள் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் பேலட்டிலும் டேக் இருக்க வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அதே காலத்தில் தன் சப்ளையர்களிடம் இதையே கேட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. அர்கன்சாஸ் பல்கலைக்கழகம் 2005-ல் செய்த ஆய்வில், டேக் பயன்படுத்திய வால்மார்ட் கடைகளில் 'சரக்கு இல்லை' என்று அலமாரி காலியாக நிற்பது 16 சதவிகிதம் குறைந்திருந்தது.

ஆனால், லாபம் யாருக்கு? அலமாரி நிறைந்தால் கடைக்கு லாபம். டேக், பிரின்டர், ரீடர், ஆள் எல்லாம் சப்ளையருக்குச் செலவு. பல சப்ளையர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் ஃபேக்டரிக்குள் டேக்கைக் கொண்டுபோகவே இல்லை. லாரி கிளம்பும் கடைசி நிமிடத்தில் வாசலில் வைத்து ஒட்டி அனுப்பினார்கள். உத்தரவு நிறைவேறியது. அவர்களுடைய சொந்த வேலைக்கு அந்த டேக் ஒரு பைசாவுக்குப் பயன்படவில்லை.

வால்மார்ட் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. சொல்லப்போனால், தன் கடைகளில் வாசித்த பதிவுகளை 'ரீடெய்ல் லிங்க்' தளம் வழியாகச் சப்ளையர்களுக்கு அது திறந்தே வைத்திருந்தது. ஜில்லெட் போன்ற நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தவும் செய்தன. புது ரேஸர் அறிமுகமாகும்போது, விளம்பர ஸ்டாண்டு கடைத் தளத்துக்கு வந்துவிட்டதா, இன்னும் பின்கட்டிலேயே கிடக்கிறதா என்று அவர்களால் பார்க்க முடிந்தது. ஆனால், அது அவர்களைப் போல ஆள்பலமும் மென்பொருளும் உள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்குக் கிடைத்ததோ 'இந்தப் பெட்டி இந்த வாசலைக் கடந்தது' என்ற எண் குவியல். அதைத் தங்கள் ஆர்டரோடும் இன்வாய்ஸோடும் பொருத்திப் பார்க்க வழியில்லாமல் அப்படியே விட்டார்கள். பத்தாண்டு முடிவதற்குள் பெட்டி டேக் முயற்சி சத்தமில்லாமல் அடங்கிப்போனது. 2010-ல் வால்மார்ட் ஜீன்ஸ், உள்ளாடை எனத் துணிமணியில் ஒவ்வொரு பீஸுக்கும் டேக் என்று புதிதாகத் தொடங்கியது.

எது, எப்போது, எங்கே, ஏன்

பதிவுகளைப் பொருத்திப் பார்க்கப் பொது மொழி இல்லை என்ற குறை தீர்ந்து வெகுநாள் ஆகிறது. பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.1 அமைப்பின் கிளையான இ.பி.சி. குளோபல், 2007-ல் ஒரு தரநிலையை வெளியிட்டது. இ.பி.சி.ஐ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வாசிப்பையும் நான்கு கேள்விக்கான விடையாக எழுது என்பதே அதன் சாரம்: எது, எப்போது, எங்கே, ஏன்.

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் 18 இலக்க எண் இருக்கும். பேக்கிங்கில் முதல் பதிவு: இந்தப் பெட்டி எண்ணுக்குள் இந்த 48 பீஸ் எண்கள் சேர்ந்தன, இந்த நேரம், இந்தக் கட்டடம், காரணம் 'பேக்கிங்'. லாரியில் ஏறும்போது இரண்டாவது பதிவு: அதே பெட்டி, காரணம் 'அனுப்புகை', இந்த ஆர்டர் எண்ணுக்காக. அக்கரைக் கிடங்கில் மூன்றாவது: அதே பெட்டி, காரணம் 'பெறுகை'. திருப்பூரில் ஒரு சாஃப்ட்வேர், ரோட்டர்டாமில் இன்னொரு சாஃப்ட்வேர் என்றாலும் பதிவு ஒன்றுபோல இருக்கும். 2022-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'எப்படி' என்ற கேள்வியும் சேர்ந்தது. மருந்து, மீன் போன்ற சரக்கு எந்த வெப்பநிலையில் வந்தது என்று சென்சார் சொல்வதையும் அதே வரியில் எழுதலாம்.

ஆக, மொழி இருக்கிறது. டேக் விலையும் மொத்தமாக வாங்குபவர்களுக்கு ஐந்து சென்ட்டைச் சுற்றித்தான் நிற்கிறது. பிறகும் வாசல் திறக்காததற்குக் காரணம் வேறு.

எண்கள் எதைக் காட்டிக்கொடுக்கும்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. உளவுத் தகவல்படி 1942 ஆகஸ்ட் கணக்கு 1,550. புள்ளியியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். பிடிபட்ட டாங்கிகளின் பாகங்களில் இருந்த வரிசை எண்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, 327 என்றார்கள். போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தபோது அந்த மாதத்து உற்பத்தி 342. எண்ணில் வேறெந்த ரகசியமும் இல்லை. அது வரிசையாக ஓடியது, அவ்வளவுதான். அதிலிருந்தே ஒரு நாட்டின் தொழிற்சாலை ரகசியம் வெளியே வந்துவிட்டது.

இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொண்டு பேக்கிங் செக்‌ஷனுக்குத் திரும்புங்கள். 'எது, எப்போது, எங்கே' என்ற பதிவுகளை ஒரு கம்பெனி மூன்று மாதம் பையருக்குத் திறந்து காட்டினால், பையருக்கு என்னவெல்லாம் தெரியும்? நாளொன்றுக்கு எத்தனை பீஸ் முடிகிறது. எந்த வாரம் லைன் சும்மா நின்றது. ராத்திரி ஷிப்ட் ஓடியதா. 'எங்கே' என்ற இடத்தில் இரண்டு கட்டடங்களின் பெயர் மாறி மாறி வந்தால், வேலை வெளியே கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். அடுத்த சீசனுக்கு விலை பேச உட்காரும்போது, லைன் காலியாக இருப்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால் பீஸுக்கு எத்தனை சென்ட் இறங்கும் என்பதை எந்த மெர்ச்சண்டைசரும் சொல்வார்.

பையர் பக்கமும் அச்சம் உண்டு. அது பொய்யான அச்சமும் இல்லை. ஒரே கம்பெனி இரண்டு போட்டி பிராண்டுகளுக்குத் தைப்பது திருப்பூரில் சாதாரணம். ஒரு பிராண்டின் எந்த டிசைன் எந்த நாட்டில் எவ்வளவு வேகமாக விற்கிறது என்று தைப்பவருக்குத் தெரிந்தால், அது போட்டியாளர் காதுக்குப் போகாது என்று என்ன உத்தரவாதம்? பல பிராண்டுகளை விற்கும் பெரிய கடைக்கோ, தன் விற்பனைப் பதிவுதான் மூலதனம். அதைக் காசுக்கு விற்கும் கடைகளும் உண்டு. காசுக்கு விற்பதைச் சும்மா கொடு என்றால் கொடுப்பார்களா?

தொழில்நுட்பக்காரர்கள் முட்டி நின்ற சிக்கலும் இதே இடத்தில்தான். ஒரு டேக் எண் என்னிடம் இருக்கிறது; அதைப் பற்றிய பதிவு யார் யாரிடம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு தேடல் சேவை வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். ஆனால், எனக்கு விவரம் வேண்டாம், 'இந்த எண்ணைப் பற்றி இன்னாரிடம் பதிவு உண்டு' என்று மட்டும் சொல் என்றாலே, யாருக்கும் யாருக்கும் வியாபாரம் நடக்கிறது என்பது வெளியே வந்துவிடுகிறது. கேள்வி கேட்பவரும் தனக்கு எதில் அக்கறை என்பதைக் கேள்வியிலேயே காட்டிவிடுகிறார். அந்தச் சேவைக்கு உலகப் பொதுத் தரநிலை வரவே இல்லை. இதை நான் தொழில்நுட்பத் தோல்வியாகப் பார்க்கவில்லை. யார் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்ற பேச்சுவார்த்தையை முடிக்காமல், கம்ப்யூட்டரிடம் அந்த வேலையைத் தள்ளிவிடப் பார்த்ததன் விளைவு அது.

நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா?

எல்லாவற்றையும் பகிர வேண்டும் என்று கேட்பதால்தான் எதுவும் பகிரப்படுவதில்லை என்பது என் கருத்து. சின்னதாக ஒன்றிலிருந்து தொடங்கலாம். அந்தச் சின்ன விஷயத்தின் பெயர் டெபிட் நோட்.

பெட்டியில் 48 பீஸ் வைத்து அனுப்பியதாகக் கம்பெனி சொல்கிறது. 47-தான் வந்தது என்று கிடங்கு சொல்கிறது. ஒரு பீஸ் விலையோடு அபராதமும் சேர்த்துப் பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். பெட்டிக்கு ஒன்று என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சீசன் முழுக்க, ஆயிரக்கணக்கான பெட்டிகளில் இது நடந்தால் லாப விகிதமே ஆட்டம் காணும். வழக்குப் பேச ஏற்றுமதியாளர் கையில் பேக்கிங் லிஸ்ட்டைத் தவிர ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆர்.எஃப்.ஐ.டி. ஆய்வகம் 2018-ல் 'புராஜெக்ட் ஜிப்பர்' என்ற ஆய்வை வெளியிட்டது. பிராண்டுகளிலிருந்து கடைகளுக்குப் போன ஆர்டர்களில் 69 சதவிகிதத்தில், எடுப்பதிலோ அனுப்புவதிலோ பெறுவதிலோ ஏதோ ஒரு பிழை இருந்தது. டேக் வைத்து அனுப்பிய பிராண்டுகளின் ஆர்டர் துல்லியமோ 99.9 சதவிகிதம். பிரச்னை திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை. இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாக எண்ணுகிறார்கள் என்பதே பெரும்பகுதி.

இங்கே டேக் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, எண்ணிக்கையைவிட முக்கியமானது. ரீடரும் தவறும். பெட்டிக்குள் ஜிப், பட்டன் போன்ற உலோகம் நெருங்கியிருந்தாலோ, துணியில் ஈரம் இருந்தாலோ, டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தாலோ ஒரு டேக் பதில் சொல்லாமல் போகலாம். கிடங்கு ரீடர் 47 காட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காணாமல்போன அந்த ஒரு பீஸுக்கும் தனி எண் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அதே எண் ஏதோ ஒரு கடையின் பில்லிங்கில் வாசிக்கப்பட்டால்? பீஸ் வந்து சேர்ந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிடித்த பணத்தைத் திருப்பித்தர வேண்டியதுதான். ஆனால், அந்தச் சாட்சி பையரின் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது. தேடச் சொல்ல வேண்டும் என்பதே தைத்தவருக்குத் தெரிவதில்லை. வேறெந்த ரகசியமும் வெளிவராமல், 'இந்த ஒரு எண் உங்களிடம் எங்காவது வாசிக்கப்பட்டதா, ஆம் அல்லது இல்லை' என்ற பதில் கிடைத்தால் போதும்.

கொங்கு நாட்டுக் கல்யாணங்களில் மொய் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொடுப்பவர் எதிரிலேயே ஊரும் பேரும் தொகையும் சொல்லி எழுதுவார்கள். அதனால்தான் பல வருடம் கழித்தும் அதில் வழக்கு வருவதில்லை. ஏற்றுமதிப் பெட்டிக்கு அப்படி இரு தரப்பும் பார்க்கும் ஒரு நோட்டு இல்லை.

ஆபர்ன் ஆய்வகமே அடுத்து அந்த நோட்டைச் செய்து பார்த்தது. நைக்கி, பி.வி.எச்., ஹெர்மன் கே ஆகிய பிராண்டுகளும் கோல்ஸ், மேசிஸ் ஆகிய கடைகளும் பங்கெடுத்த சோதனையில், ஒவ்வொரு பீஸின் வாசிப்பும் பிளாக்செயின் பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டது. இ.பி.சி.ஐ.எஸ். மொழியில்தான் எழுதினார்கள். எழுதியதைப் பின்னால் ஒருவர் மட்டும் திருத்த முடியாது. யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு அனுமதி உண்டு. செய்ய முடியும் என்று 2020-ல் அவர்கள் காட்டினார்கள். தைக்கும் ஊர்களுக்கு அந்த நோட்டில் இடம் கிடைக்குமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஒன்று மூடியது, ஒன்று ஓடுகிறது

பகிர்வு என்றாலே பெரிய தளம் ஒன்றைக் கட்டு, எல்லோரும் வந்து சேரட்டும் என்று நினைப்பவர்களுக்கு டிரேட்லென்ஸ் ஒரு பாடம். கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்மும் சேர்ந்து கன்டெய்னர் தகவல்களுக்காக 2018-ல் அறிமுகப்படுத்திய தளம் அது. போட்டிக் கப்பல் நிறுவனங்களுக்கு ஆரம்பத்திலேயே உறுத்தியது: போட்டியாளர் நடத்தும் தளத்தில் நம் தகவலை ஏன் போட வேண்டும்? பிறகு எம்.எஸ்.சி., சி.எம்.ஏ. சி.ஜி.எம். போன்ற பெரியவர்களும் சேர்ந்தார்கள்தான். ஆனாலும், உலகளவில் முழு ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டின் முதல் காலாண்டோடு அது முடிந்தது.

இதோடு நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற திட்டம் 2016 ஜூலையில் நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கியது. டெல்லி - மும்பை தொழில் வழித்தட அமைப்பும் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனமும் சேர்ந்து நடத்திய கூட்டு நிறுவனம் இதைச் செய்தது. துறைமுகத்தை விட்டு வெளியேறும் கன்டெய்னரில் ஒரு டேக் கட்டுகிறார்கள். டோல்கேட், சரக்கு நிலையம், உள்நாட்டு கன்டெய்னர் டெப்போ என்று வழி நெடுக ரீடர்கள். கன்டெய்னர் எண் தெரிந்தவர் இணையத்தில் அதை அடித்தால், பெட்டி கடைசியாக எங்கே வாசிக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். பிறகு சென்னை, காட்டுப்பள்ளி, தூத்துக்குடி என்று தெற்கேயும் வந்து, கோடிக்கணக்கான பெட்டிகளைப் பார்த்துவிட்டது.

டெர்மினல், ரயில், லாரி, கிடங்கு என்று ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத எத்தனையோ நிறுவனங்கள் இதில் ஒரே டேக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. எப்படிச் சாத்தியமானது? பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. பெட்டி எங்கே, எத்தனை மணி நேரம் நின்றது என்பது மட்டும்தான் கேள்வி. நடத்துபவர் சரக்கு வியாபாரி இல்லை. பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வகுத்திருப்பதால் செலவு யார் தலையில் என்ற சண்டையும் இல்லை. மாதாமாதம் வெளியாகும் அறிக்கையில், எந்த டெர்மினலில் பெட்டி சராசரியாக எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று ஒப்பிட்டுப் போடுகிறார்கள். தனி வியாபாரியின் ரகசியம் வெளியே வராமலே, தேங்கும் இடம் எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

ஃபாஸ்டேகும் இப்படித்தான். டேக்கைக் கொடுத்தது ஒரு வங்கி. டோல்கேட்டுக்காகப் பணம் வசூலிப்பது இன்னொரு வங்கி. நடுவில் தேசியப் பணப் பட்டுவாடா கழகம். எண்ணை வாசித்ததும் வண்டியின் வகையும் டேக் செல்லுமா செல்லாதா என்பதும் திரும்புகிறது, கட்டணம் கழிகிறது. உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று டோல்கேட்டுக்குத் தெரிவதில்லை. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. கேள்வியைச் சுருக்கிவிட்டால் நம்பிக்கை பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

கேட்கும் நியாயம், கொடுக்கும் நியாயம்

திருப்பூருக்குள்ளேயும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஒரு டி-ஷர்ட் நூலாக நுழைந்து பெட்டியாக வெளியேறுவதற்குள் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி, கட்டிங், தையல், செக்கிங் என்று பல கைகள் மாறுகிறது. பாதிக்கு மேல் ஜாப் ஒர்க் யூனிட்டுகள். துணியோடு போவது ஒரு டெலிவரி சலான். அடுத்த மாதம் எத்தனை டன் வரும் என்று சாயப்பட்டறைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்றுமதியாளர்கள் எத்தனை பேர்? பையர் தகவல் தருவதில்லை என்று வருந்துபவர், அதே சங்கிலியில் தனக்குக் கீழே இருப்பவரை அதே இருட்டில்தான் வைத்திருக்கிறார். கடைசி நேரத்தில் ஆர்டர் குறைந்தால், முன்பணம் போட்டு ஆள் பிடித்து வைத்த பவர் டேபிள்காரருக்கு, அதாவது தையலை ஜாப் ஒர்க்காக எடுப்பவருக்கு, அது முதலில் தெரிவது துணி வராமல் போகும் நாளில்தான்.

சங்கிலியில் கடையிலிருந்து நூற்பாலையை நோக்கிப் போகப் போக, தேவையின் ஏற்ற இறக்கம் பெருத்துக்கொண்டே போகும் என்பது தொழில் மேலாண்மையில் நிறுவப்பட்ட உண்மை. கடையில் 5 சதவிகிதக் குறைவு, நூற்பாலைக்கு வரும்போது பாதி ஆர்டர் ரத்தாக மாறலாம். பி அண்டு ஜி குழந்தைகளுக்கான டயப்பர் விற்பனையில் இதைக் கவனித்தது பிரபலம்: குழந்தைகள் பயன்படுத்தும் அளவு சீராகத்தான் இருந்தது, ஆனால் வினியோகஸ்தர்களின் ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது. இதற்கு மருந்து, கடை விற்பனையின் உண்மையான வேகத்தைச் சங்கிலி முழுக்கச் சொல்வது. உடனுக்குடன் வேண்டாம், சைஸ் வாரியாக, இரண்டு மூன்று வாரம் தாமதித்து வந்தால்கூட நூல் வாங்குபவருக்கு அது பெரிய உதவி. போட்டியாளருக்கோ அதற்குள் அது பழைய செய்தி.

இதற்கிடையே, மேலிருந்து வேறொரு வேகம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சூழல் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் விதிகளுக்குள் வரும் பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும் என்கிறது அது. முதலில் குறிவைத்திருக்கும் பொருள்களில் ஆடையும் உண்டு. என்ன இழையால் ஆனது, என்ன ரசாயனம் சேர்ந்தது, மறுசுழற்சிக்கு ஏற்றதா என்பது போன்ற விவரங்களைப் பொருளில் இருக்கும் கியூ.ஆர். கோடு வழியாகவோ டேக் வழியாகவோ எட்ட முடிய வேண்டும். ஆடைக்கான விரிவான விதிகள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

இத்தனை காலம் தகவல் கீழே வராமல் இருந்தது. இனி இங்கிருந்து மேலே போயே ஆக வேண்டும். திருப்பூருக்கு இதில் ஆதாயம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். நொய்யல் ஆற்றின் மாசு காரணமாக 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு இந்த ஊர் கோடிக்கணக்கில் கொட்டியிருக்கிறது. அந்தச் செலவு பீஸ் விலையில் ஏறியிருக்கிறது. அதற்கான பெயர் மட்டும் டேக்கில் இல்லை. சாயம் ஏற்றிய பட்டறையின் பதிவு பாஸ்போர்ட்டில் நிற்குமானால், வேறு நாட்டில் மலிவாகச் சாயம் ஏற்றி ஆற்றில் விடுபவரோடு இந்த ஊர் இனி வெறும் விலையில் மோத வேண்டியதில்லை. ஆனால், அந்தப் பதிவை எழுதுபவர் யார், சொந்தக்காரர் யார், அதை வைத்து விலையைக் குறைக்கப் பேசக் கூடாது என்று தடுப்பவர் யார் என்பதெல்லாம் விதிகள் முடிவாகும் முன்பே பேசப்பட வேண்டும். ஏற்றுமதியாளர் சங்கமும் மத்திய வர்த்தக அமைச்சகமும் ஐரோப்பாவுடன் உட்காரும் மேசையில் இது வரிவிதிப்புக்குச் சமமான விஷயமாக வைக்கப்பட வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. அடுத்த சீசன் ஆர்டருக்கான பேச்சு தொடங்கும்போதே ஏற்றுமதியாளர் இரண்டு வரி கேட்கலாம். ஒவ்வொரு பெட்டி எண்ணுக்கும் உங்கள் கிடங்கில் வாசிக்கப்பட்ட பீஸ் எண்களை அன்றன்றே அனுப்புங்கள். குறைவு என்று பணம் பிடித்தால், விடுபட்ட எண்கள் பிறகு எந்தக் கடையிலும் வாசிக்கப்படவில்லை என்று உறுதி செய்து பிடியுங்கள். விற்பனை ரகசியம் எதுவும் இதில் இல்லை. டேக் நுழையும் பெரிய பேக்கிங் செக்‌ஷன்களில் ரீடர் ஏற்கெனவே நிற்கிறது, அக்கரைக் கிடங்கிலும் நிற்கிறது. பர்ச்சேஸ் ஆர்டரோடு வரும் நிபந்தனைகளின் கட்டு பல பக்கம் இருக்கும். அதில் இந்த இரண்டு வரிக்கும் இடம் இருக்கிறது.